பின்புலம் இழக்கும் படங்கள்

2015 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தபோது, பிரதமர் நரேந்திர மோடி வான்வழியே பாதிப்புகளைப் பார்வையிட்டார். அந்தக் காட்சியைக் காட்டும் புகைப்படம் ஒன்றை மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகம் வெளியிட்டது. பிரதமர் சாளரத்தின் வழியே கீழே பார்க்கிறார். சாளரத்துக்கு அப்பால் வெள்ளம் சூழ்ந்த கட்டடங்கள் துல்லியமாகத் தெரிகின்றன. ஆனால், மூலப் படத்தில் சாளரத்துக்கு அப்பால் இருந்ததோ மங்கலான காட்சிதான். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்கள் வேறுபாட்டைக் கண்டுபிடிக்க நெடுநேரம் ஆகவில்லை. இரு படங்களை இணைத்துவிட்டதாக ஒப்புக்கொண்ட அந்த அலுவலகம், படத்தை நீக்கி வருத்தமும் தெரிவித்தது.

பிரதமர் சென்னைக்கு வந்தது உண்மை. வெள்ளம் உண்மை. அவர் சாளரத்தின் வழியே பார்த்ததும் உண்மைதான். அவருடைய உருவத்தில் யாரும் கை வைக்கவில்லை. மாற்றப்பட்டது பின்புலம் மட்டுமே. ஆயினும் அந்தப் படம் பொய்ப் படம் என்றே பெயர் பெற்றது. மக்களின் அந்தத் தீர்ப்பில் தவறில்லை. ஒரு புகைப்படத்தில் 'யார்' என்பதை முகம் சொல்கிறது. 'எங்கே, எப்போது, யாருடன்' என்பதையெல்லாம் பின்புலம்தான் சொல்கிறது.

பத்தாண்டுகளுக்கு முன்பு அத்தகைய வேலைக்குப் பயிற்சி பெற்ற ஒருவர் தேவைப்பட்டார். இப்போது அதில் பாதி வேலையைக் கைப்பேசியே செய்துவிடுகிறது. 2022-இல் வெளியான ஆப்பிள் நிறுவனத்தின் ஐஓஎஸ் 16 மென்பொருளில், படத்திலுள்ள உருவத்தின் மீது விரலைச் சற்று அழுத்திப் பிடித்தாலே அது பின்புலத்திலிருந்து பெயர்ந்து வந்துவிடும். பழைய படத்தை ஸ்கேன் செய்து, பின்புலத்தை நீக்கி, வேண்டிய இடத்தில் ஒட்டுவது தெருமுனை ஜெராக்ஸ் கடையின் அன்றாடத் தொழிலாகிவிட்டது. இந்த வசதியைக் குறைகூறிப் பயனில்லை. இப்படி வெட்டியெடுக்கும் பழக்கம் நமக்குப் புதிதும் அல்ல. திரையரங்க வாசல்களில் வானுயர நின்ற நாயகர்களுக்கு நாம் வைத்த பெயரே 'கட்-அவுட்'தானே. ஆனால், புதிதாக எடுக்கும் படத்தின் பின்புலத்தை நீக்குவதும், ஸ்கேன் செய்த பழைய படத்தின் பின்புலத்தை நீக்குவதும் ஒன்றல்ல. முன்னது தவறாகிவிட்டால் மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். பின்னதில் பெரும்பாலும் எஞ்சியிருப்பது அந்த ஒரே பிரதிதான்.

ஸ்கேனர் ஒரு படத்தை நம்மைப் போல் பார்ப்பதில்லை. காகிதத்தைச் சிறு புள்ளிகளாகப் பகுத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களின் அளவைப் பூஜ்யம் முதல் 255 வரையிலான எண்களாகக் குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். முகம் எது, சுவர் எது என்பது அதற்குத் தெரியாது. நமக்கு வெள்ளையாகத் தெரியும் காகிதமும் அதற்கு வெள்ளையன்று. நாற்பது ஆண்டு பழைய காகிதம் பழுப்பிலும் மஞ்சளிலும் நூறு வகையாகப் பதிவாகும். மறுபக்கத்தின் எழுத்து மெல்லிய நிழலாக ஊடுருவித் தெரியும்.

தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்கள் உருவாக்கி, அடோபி நிறுவனம் 1990-இல் வெளியிட்ட ஃபோட்டோஷாப் மென்பொருளில் 'மந்திரக்கோல்' என்ற பொருள்படும் கருவி உண்டு. ஒரு புள்ளியைச் சுட்டினால், அதன் நிறத்துக்கு நெருக்கமான அண்டைப் புள்ளிகளையெல்லாம் அது சேர்த்துக் கொடுக்கும். எவ்வளவு நெருக்கம் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். அளவைக் குறைத்தால் கறைகள் தங்கிவிடும். கூட்டினால் வெள்ளை வேட்டியும் சுவரோடு சேர்ந்து போய்விடும். பழைய கறுப்பு-வெள்ளைப் படங்களில் தாத்தாக்களின் நரைத்த தலை பாதி காணாமல் போவதற்கு இதுவே காரணம். இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நிறத்தை மட்டும் பார்ப்பதில்லை. லட்சக்கணக்கான படங்களிலிருந்து கற்றதைக் கொண்டு 'இதுதான் மனிதர், இது தேவையற்றது' என்று தாமே முடிவெடுக்கின்றன. வேலை சுத்தமாக இருக்கிறது. எது தேவையற்றது என்னும் தீர்ப்பு மட்டும் நம் கையைவிட்டுப் போய்விட்டது.

அந்தத் தீர்ப்பு எவ்வளவு பிழையாகும் என்பதற்குத் தமிழ் எழுத்தே நல்ல சான்று. பழைய நூல்களை ஸ்கேன் செய்யும்போது, காகிதத்தின் பழுப்பை நீக்கி, எழுத்தை மட்டும் கறுப்பாக நிறுத்தும் வழக்கம் இருக்கிறது. அதனுடன் தூசி, துகள்களை நீக்கும் வடிகட்டியையும் சேர்த்துவிடுவார்கள். தனித்து நிற்கும் சிறு கறுப்புப் புள்ளி எதுவாயினும் அந்த வடிகட்டிக்குத் தூசிதான். மெய்யெழுத்தின் தலையிலிருக்கும் புள்ளியையும் அது விட்டுவைப்பதில்லை. மங்கிய அச்சில் 'க்' என்பது 'க' ஆகிவிடும். சில இடங்களில் இதற்கு நேர்மாறாக, பூச்சி அரித்த துளை எழுத்தின் மேல் புள்ளியாக அமர்ந்துகொள்ளும். ஆங்கிலத்துக்கென வடிவமைத்த மென்பொருளைத் தமிழுக்கு அப்படியே பயன்படுத்துவதால் நேரும் கோளாறு இது. மூல ஸ்கேன் கையிலிருந்தால் ஒப்பிட்டுத் திருத்திவிடலாம். சுத்தம் செய்த கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிட்டால், அச்சுக்கோத்தவர் செய்த பிழையா, கணினி செய்த பிழையா என்று பதிப்பாசிரியரால் ஒருபோதும் சொல்ல முடியாது. பக்க ஓரத்தில் யாரோ ஒரு வாசகர் பென்சிலால் எழுதிய குறிப்பும் அந்தப் பழுப்போடு போய்விடும் என்பது தனிக் கதை.

படத்தில் கைவைக்கும் கலை கணினிக்கு முந்தையது. சோவியத் ஒன்றியத்தில் ஸ்டாலினுக்குப் பக்கத்தில் மாஸ்கோ - வோல்கா கால்வாய்க் கரையில் நடந்துவந்த நிகோலாய் யெஷோவ், பதவி பறிக்கப்பட்டு 1940-இல் கொல்லப்பட்ட பிறகு, படத்திலிருந்தும் காணாமல் போனார். அவர் நின்ற இடத்தில் கால்வாய் நீர் வரையப்பட்டது. இத்தகைய படங்களை ஆண்டுக்கணக்கில் தேடிச் சேர்த்து டேவிட் கிங் என்ற பிரிட்டிஷ்காரர் 1997-இல் ஒரு நூலாகவே வெளியிட்டார். அவரால் அது முடிந்ததற்குக் காரணம், திருத்தப்படாத பழைய பிரதிகளும் எங்கெங்கோ தப்பிப் பிழைத்திருந்ததுதான். அங்கே மனிதரை நீக்கிப் பின்புலத்தை நிரப்பினார்கள். இன்று நாம் மனிதரை வைத்துக்கொண்டு பின்புலத்தை நீக்குகிறோம். தீய நோக்கம் எதுவும் நமக்கில்லை என்பது உண்மையே. ஆனால், மூலப் பிரதி தப்பிப் பிழைக்கும் வாய்ப்பை நாமே குறைத்துக்கொண்டிருக்கிறோம்.

தமிழ்க் குடும்பங்களில் இது எப்படி நடக்கிறது என்பதைப் பாருங்கள். வீட்டில் மூத்தவர் ஒருவர் காலமாகிறார். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்கும், சட்டம் போட்டு மாலையிட வேண்டிய படத்துக்கும் உடனே ஒரு முகம் தேவைப்படுகிறது. அவர் தனியாக எடுத்துக்கொண்ட படம் இருக்காது. திருமணத்திலோ காதணி விழாவிலோ எடுத்த குழுப்படம் ஒன்றைத் தேடியெடுத்துக் கொண்டு ஓடுகிறார்கள். கடைக்காரர் அதை ஸ்கேன் செய்து, பக்கத்திலிருப்பவர்களை நீக்கி, நீல நிறத்தையோ மேகங்களையோ பின்னால் வைத்து ஒரு மணி நேரத்தில் கொடுத்துவிடுகிறார். துக்க வீட்டுக்கு அது பெரும் உதவிதான். ஆனால், வீட்டுக்கு வருவது நீலப் பின்புலப் படம் மட்டுமே. குழுப்படம் கடை மேசையிலேயே தங்கிவிடுகிறது, அல்லது அவசரத்தில் ஆல்பத்திலிருந்து பிய்த்தபோதே கிழிந்திருக்கிறது. அதில் தோளோடு தோள் நின்ற உறவினர்கள், பின்னாலிருந்த ஓட்டு வீடு, கூரைப் பந்தல், திண்ணையில் சாய்ந்திருந்த சைக்கிள் எல்லாம் முடிந்து போயின. அடுத்த தலைமுறைக்குத் தாத்தாவின் முகம் கிடைக்கும். அவர் வாழ்ந்த ஊர் கிடைக்காது.

ஸ்டூடியோ படங்களுக்கும் இதே கதிதான். மாளிகைத் தூண்களும் மாடிப்படியும் ஏரிக்கரையும் வரைந்த திரைச்சீலைக்கு முன்னால், கைக்கடிகாரம் தெரியும்படி கையை மடித்து நின்ற நம் முன்னோரின் படங்களைப் பார்க்கிறவர்கள், அந்தத் திரைச்சீலையைப் போலி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆய்வாளர்கள் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். எந்த ஊர் ஸ்டூடியோ, எந்தக் காலம், படம் எடுத்துக்கொண்டவர் தம்மை உலகுக்கு எப்படிக் காட்ட விரும்பினார் என்பதற்கெல்லாம் அந்தத் திரைச்சீலையே சாட்சி. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலை ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியுடன் தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடி ஸ்கேன் செய்தது. அத்தகைய பணிகளில் படம் ஒட்டப்பட்ட அட்டை, அதிலுள்ள ஸ்டூடியோ முத்திரை ஆகியவையும் ஆவணத்தின் பகுதிகளே.

குடும்ப நினைவு, ஆய்வு என்பவற்றைத் தாண்டி, உயிர் சார்ந்த வழக்குகளிலும் பின்புலம் முக்கியமாகிறது. இலங்கையின் வடக்கில், போரின்போதும் அதன் இறுதியிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அவர்கள் கையில் ஏந்தியவை புகைப்படங்களே. பல படங்கள் அடையாள அட்டையிலிருந்தோ பள்ளிப் படத்திலிருந்தோ பெரிதாக்கப்பட்டவை. அவர்களுள் ஒரு தாய், 2015 அதிபர் தேர்தலுக்காக அச்சிடப்பட்ட ஒரு பிரசுரத்தில், மைத்ரிபால சிறீசேனாவின் அருகே பள்ளிச் சீருடையில் நிற்கும் சிறுமிகளுள் ஒருத்தி தன் மகள்தான் என்று கூறினார். அவர் சொன்னது சரியா என்று இங்கே தீர்ப்பளிக்க முடியாது. ஆனால், அந்தக் கூற்றைச் சோதிக்க ஒரு வழி இருந்ததென்றால், அது அந்தப் படத்தில் முகத்தைச் சுற்றியிருந்தவற்றில்தான் இருந்தது. சீருடை எந்தப் பள்ளியுடையது, உடன் நிற்கும் மாணவியர் யார், இடம் எது என்று விசாரிக்கலாம். அந்தச் சிறுமியின் முகத்தை மட்டும் வெட்டியெடுத்து வெள்ளைப் பின்புலத்தில் வைத்தால், அது ஒரு தாயின் நம்பிக்கையாக மட்டுமே எஞ்சும். விசாரணைக்குரிய தடயமாக இராது. காணாமல் போனவர்களின் கோப்புகளைத் தயாரிக்கும் எந்த அமைப்பும், முகத்தைத் தெளிவாக்கிய படத்துடன் முழுப் படத்தையும் சேர்த்து வைப்பது இதனால்தான் இன்றியமையாதது.

செய்தி நிறுவனங்கள் இதைப் பட்டறிந்து புரிந்துகொண்டன. அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் விதிகள், படத்தில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது என்பதோடு நிற்காமல், பின்புலத்தை மங்கலாக்குவதையும் கருமையாக்கி மறைப்பதையும் வெளிப்படையாகவே தடை செய்கின்றன. 2014 ஜனவரியில், புலிட்சர் விருது பெற்ற நார்சிசோ கான்ட்ரெராஸ் என்ற புகைப்படக் கலைஞருடனான உறவை அந்நிறுவனம் முறித்துக்கொண்டது. சிரியப் போராளி ஒருவரின் படத்தின் மூலையில் கிடந்த சக செய்தியாளரின் விடியோ கேமராவை அவர் நீக்கியிருந்தார் என்பதே குற்றம். அவருடைய ஏறத்தாழ 500 படங்களைச் சோதித்தும் வேறு திருத்தம் எதுவும் கிடைக்கவில்லை. தண்டனை கடுமையானதுதான். ஆனால், 'இது சிறிய பொருள், அது பெரிய பொருள்' என்று பிரிக்கத் தொடங்கினால் எல்லை எங்கே முடியும் என்பதற்கு அந்நிறுவனத்திடம் வேறு விடை இருக்கவில்லை. பிரிட்டனின் வேல்ஸ் இளவரசி கேத்தரின் தம் குழந்தைகளுடன் இருக்கும் படத்தை 2024 மார்ச்சில் முன்னணிச் செய்தி நிறுவனங்கள் திரும்பப் பெற்றதும் இத்தகைய காரணத்துக்காகவே. சிறுமியின் சட்டைக் கை ஓரிடத்தில் பொருந்தாமல் இருந்தது. மறுநாள் இளவரசி வருத்தம் தெரிவித்தார்.

இவையெல்லாம் உலகறிந்த பெயர்கள். சாமானியரை நேரடியாகத் தொடும் ஆபத்து வேறோர் இடத்தில் இருக்கிறது; அது பெரிதாகப் பேசப்படுவதில்லை. அரசுத் தேர்வானாலும் கல்லூரிச் சேர்க்கையானாலும் இணைய விண்ணப்பத்தில் புகைப்படத்துடன் கையொப்பத்தையும் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். வெள்ளைத் தாளில் கையொப்பமிட்டுக் கணினி மையத்தில் கொடுக்கிறோம். அங்கே அதன் பின்புலத்தை நீக்கி, குறிப்பிட்ட கிலோபைட் அளவுக்குள் சுருக்கி ஏற்றுகிறார்கள். காகிதம் நீங்கிய அந்தக் கையொப்பம் இப்போது ஒளி ஊடுருவும் கண்ணாடித் தாளில் வரைந்ததைப் போன்றது. எந்தப் பத்திரத்தின் மீது வைத்தாலும் அங்கேயே இட்டதுபோல் அமர்ந்துகொள்ளும். அலுவலக முத்திரைகளுக்கும் இது பொருந்தும். வேலை முடிந்து நாம் வீட்டுக்குப் போன பின்னும் அந்தக் கோப்பு அந்தக் கணினியிலேயே கிடப்பது அரிதல்ல. மையத்தை நடத்துபவர் நேர்மையானவராகவே இருக்கலாம். அவருக்குப் பின் அந்தக் கணினியில் அமர்பவர் யார் என்பது யாருக்குத் தெரியும்?

கையெழுத்து நிபுணர்கள் ஒரு கையொப்பத்தைச் சோதிக்கும்போது, கோடுகளின் வடிவத்தை மட்டும் பார்ப்பதில்லை. பேனா காகிதத்தில் எவ்வளவு அழுந்தியது, எங்கே எடுத்து எங்கே வைக்கப்பட்டது, மை எப்படிப் பரவியது என்றெல்லாம் பார்க்கிறார்கள். காகிதம் போனால் அந்தத் தடயங்களில் பெரும்பகுதி போய்விடும். ஒரே மனிதரின் இரு கையொப்பங்கள் மயிரிழையும் பிசகாமல் பொருந்தினால் அதுவே ஐயத்துக்குரியது. ஏனெனில், எவராலும் இருமுறை அச்சாக ஒன்றுபோல் கையெழுத்திட முடியாது. ஆனால், இந்தச் சோதனையெல்லாம் வழக்கு நீதிமன்றம் வரை போனால்தான். அதற்குள் பணமோ சொத்தோ கைமாறியிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அங்கீகரிக்கும் மின் கையொப்பம் மறையாக்கத் தொழில்நுட்பத்தை அடிப்படையாகக் கொண்டது. கையொப்பத்தின் படம் அதற்கு ஈடல்ல. ஆனால், நடைமுறையில் அலுவலகங்களும் நிறுவனங்களும் படத்தையே கையொப்பமாக ஏற்றுக்கொண்டு கோப்புகளை நகர்த்துகின்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63-ஆவது பிரிவின்படி, மின்னணு ஆவணத்தைச் சான்றாக அளிக்கும்போது அதற்கான சான்றிதழில் 'ஹாஷ்' எனப்படும் கணித முத்திரை எண்ணையும் தர வேண்டும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். வரவேற்கத்தக்க ஏற்பாடு, ஐயமில்லை. ஆனால், அந்த எண் கணக்கிடப்பட்ட நேரத்துக்குப் பிறகு கோப்பு மாறவில்லை என்பதற்குத்தான் அது உத்தரவாதம். ஸ்கேன் செய்தபோது இருந்த பின்புலம் அதற்கு முன்பே நீக்கப்பட்டிருந்தால், நீக்கப்பட்ட படத்துக்குத்தான் அந்த எண் காவல் நிற்கும்.

2025 அக்டோபரில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் வெளியிட்ட விதித்திருத்த வரைவு, செயற்கையாக உருவாக்கப்பட்ட படங்களுக்கு அடையாளக் குறி கட்டாயம் என்றது. குறி படத்தின் பரப்பில் குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. உண்மைபோல் தோன்றும்படி கணினியால் 'மாற்றப்பட்ட' எதுவும் அந்த வரைவின் வரையறைக்குள் வந்தது. அதைப் படிக்கும் எவருக்கும் ஒரு கேள்வி எழும். பழுப்பை நீக்கிய பழைய புத்தகப் பக்கமும் மாற்றப்பட்டதுதான். வேற்றிடத்தில் ஒட்டப்பட்ட தலைவரின் உருவமும் மாற்றப்பட்டதுதான். இரண்டுக்கும் ஒரே குறி என்றால், எல்லாப் படங்களிலும் அது இருக்கும். எவரும் அதைப் பார்க்க மாட்டார்கள். எந்தக் கருவியைப் பயன்படுத்தினார்கள் என்பதைவிட, நீக்கியதால் படத்தின் பொருள் மாறியதா என்பதே அளவுகோலாக இருக்க வேண்டும். அதைச் சோதிக்க மூலப் படம் வேண்டும். ஆகவே, குறியிடுவதைவிட மூலத்தைப் பாதுகாக்கும் கடமையை விதிப்பதே அரசு நிறுவனங்களைப் பொருத்தவரை பயன் தரும். தேர்வாணையங்களும் பல்கலைக்கழகங்களும் பின்புலம் நீக்கிய கையொப்பத்தை ஏற்காமல், காகிதம் தெரியும்படியான ஸ்கேனை மட்டுமே கோரலாம். அந்தத் தாளிலேயே தேதியையும் எந்த விண்ணப்பத்துக்காக என்பதையும் கையொப்பத்தின் குறுக்கே எழுதச் சொன்னால், அதைப் பிரித்தெடுப்பது எளிதாக இராது.

மூலத்தைக் காப்பதற்குத் தொழில்நுட்பம் தடையாக இல்லை. படம் திருத்தும் மென்பொருள்களில் பின்புலத்தை அழிப்பதற்குப் பதிலாக, திரையிட்டு மறைக்கும் வசதி நெடுங்காலமாகவே இருக்கிறது. திரையை விலக்கினால் எல்லாம் திரும்ப வந்துவிடும். அவசரத்தில் நாம் அழிப்பானையே எடுக்கிறோம். இடப்பற்றாக்குறை என்ற காரணமும் இன்று செல்லாது. 6-க்கு 4 அங்குலப் படத்தை ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் வீதம் வண்ணத்தில், சுருக்காமல் ஸ்கேன் செய்தாலும் ஏறத்தாழ 26 மெகாபைட்தான். ஒரு குடும்பத்தின் 200 படங்களுக்கு ஏறத்தாழ ஐந்து ஜிபி போதும்; விரல் நீள நினைவகத்தில்கூட அவை அடங்கிவிடும். ஆவணக் காப்பகங்களில் காகிதத்தின் நான்கு ஓரங்களும் தெரியும்படி, பக்கத்தில் வண்ண அட்டையும் அளவுகோலும் வைத்து ஸ்கேன் செய்கிறார்கள். வீட்டில் வண்ண அட்டைக்கு எங்கே போவது? ஓரங்களை வெட்டாமல் விட்டாலே போதும். அதோடு படத்தைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தையும் ஒருமுறை ஸ்கேன் செய்துகொள்ள வேண்டும். ஸ்டூடியோவின் முத்திரையும், தேதியும், யாரோ பேனாவால் எழுதி வைத்த பெயர்களும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன.